மூஞ்சிக்கு எத்தனை மார்க்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எந்த ஊரிலும் இரண்டு கடைகளில் கூட்டம் அலைமோதும். ஒன்று ஜெராக்ஸ் கடை, இன்னொன்று போட்டோ ஸ்டுடியோ. ஸ்ரீபெரும்புதூரும் இதற்கு விலக்கல்ல. ‘‘பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி போடுங்கண்ணே. காலேஜுக்குக் குடுக்கணும். கொஞ்சம் கலரா இருக்கட்டும்’’ என்பார் கூட வந்த அம்மா. ஸ்டுடியோக்காரர் மௌஸை நாலு தட்டு தட்டுவார். ஐந்தே நிமிஷத்தில் பிள்ளை மாநிறத்திலிருந்து சந்தன நிறத்துக்கு வந்துவிடும்.

சிரிக்காதீர்கள். அந்த அம்மாவின் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ‘மார்க் பாதி, மூஞ்சி பாதி’ என்ற கணக்கு. உலகத்தைப் பார்த்து அவர் போட்ட கணக்கு அது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். ஜவுளிக்கடை வேலைக்கு அப்படித்தான் எடுத்தார்கள். காலேஜ் மட்டும் என்ன விதிவிலக்கா?

நியாயமான கேள்வி. காலேஜ் சீட்டுக்கும் முகவெட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

இதை விளையாட்டுக்குக் கேட்காமல் விலாவாரியாக ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். டேவிட் ஓங் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், சீனாவிலும் அமெரிக்காவிலும் தரவரிசையில் 1 முதல் 200 வரை உள்ள பல்கலைக்கழகங்களில் படித்த 1,800 பேரின் சமூக வலைதளப் படங்களை எடுத்தார்கள். முகத்துக்கு மதிப்பெண் போட வைத்தார்கள். பிறகு, பெரிய காலேஜில் படித்தவர்கள் அழகாக இருக்கிறார்களா என்று ஒப்பிட்டார்கள்.

சீனாவில் அழகுக்கும் காலேஜின் தரவரிசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அமெரிக்காவில் இருந்தது. ஆனால், எல்லோருக்கும் இல்லை. வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும். அதிலும் தனியார் பல்கலைக்கழகங்களில்தான் தூக்கலாகத் தெரிந்தது. வெள்ளைக்காரப் பெண்களிடமும் சிறுபான்மையினரிடமும் அந்தத் தொடர்பு இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? சீனாவில் காலேஜ் சீட்டு என்பது பரீட்சை மார்க். அவ்வளவுதான். அமெரிக்காவில் மார்க்கோடு இண்டர்வியூ, விளையாட்டு, சிபாரிசுக் கடிதம், ‘பர்சனாலிட்டி’ எல்லாம் சேரும். ஆள் ஆளைப் பார்க்கிற இடத்தில் அழகு நுழைகிறது. பேப்பர் பேப்பரைப் பார்க்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்தக் கணக்கை நீட்டினாலும், ‘வவுச்சர் எங்கே?’ என்று கேட்போம். இந்த ஆய்விடமும் கேட்கலாம். வலைதளத்தில் போடுகிற படம் சீட்டு வாங்கிய அன்று எடுத்த படமல்ல. பெரிய காலேஜில் படித்து, பெரிய சம்பளம் வாங்கி, நல்ல சட்டை போட்டு, நல்ல கேமராவில் எடுத்த படமாக இருக்கலாம். விளையாட்டு வீரர்களுக்கு அமெரிக்கக் காலேஜ்களில் தனி வாசலே உண்டு. அந்த வாசலில் நுழைந்தவனின் கட்டுமஸ்தான உடம்பை ‘அழகு’ என்று எண்ணியிருக்கலாம். எனவே, ‘அழகாயிருந்தால் ஹார்வர்டில் சீட்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆனால், ஒன்றை மறுக்க முடியாது. சம்பளம் வந்த பிறகு வந்த அழகுதான் என்றால், சீனாவில் பெரிய காலேஜில் படித்தவர்களுக்கும் அது வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. சந்தேகத்தின் விரல் திரும்பத் திரும்ப இண்டர்வியூ அறையைத்தான் காட்டுகிறது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கவுன்சலிங் எப்படி நடக்கிறது? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொத்தம் 200-க்கு ஒரு கட்-ஆஃப். இட ஒதுக்கீட்டுப் பட்டியல், ரேங்க். முடிந்தது. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால்? யார் முகத்தில் களை அதிகம் என்று பார்ப்பதில்லை. கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், இயற்பியலைப் பார்ப்பார்கள், பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். அப்படியும் சமமென்றால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர். பிள்ளையின் தலையெழுத்தைக் குலுக்கல் தீர்மானித்தாலும் பரவாயில்லை, ஒரு ஆபீசரின் பார்வை தீர்மானிக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம்!

2017 வரை கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு மூட்டை முடிச்சோடு நேரில் வர வேண்டியிருந்தது. 2018-லிருந்து அதுவும் ஆன்லைன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூர் ஸ்ரீ வெங்கடேஸ்வராவோ தண்டலம் ராஜலட்சுமியோ, அரசு ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளையின் முகத்தை, சீட்டு உறுதியான பிறகுதான் காலேஜ் பார்க்கிறது. (மேனேஜ்மென்ட் கோட்டா? அங்கே பொதுவாக அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அதிலும் குறிப்பாக, அவர் கை சட்டைப் பைக்குப் போகும்போது!)

ஆக, அந்த ஸ்டுடியோ அம்மாவின் பயம் இந்த ஒரு விஷயத்தில் வீண். சந்தன நிறத்துக்கு அரை மார்க்கூடக் கிடையாது.

இந்த நல்ல ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. ஒரு காலத்தில் நம் ஊரிலும் மூஞ்சிக்கு மார்க் இருந்தது.

1970-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு, ‘பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு’. மெடிக்கல் காலேஜ் சீட்டு விவகாரம். அப்போது பி.யூ.சி. பாட மார்க் 200-க்கு. இண்டர்வியூவுக்கு 75. இந்த 75-ஐ எதற்கெல்லாம் போடலாம்? ஐந்து தலைப்புகள்: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, பொதுவான உடல்நிலையும் தாங்கும் சக்தியும், பொதுத் திறமை, நாட்டம். மூன்றாவதை மறுபடி படியுங்கள். ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை, ஓட விட்டும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பையனின் ‘உடல்நிலை’யை எப்படி அளப்பது? கண்ணால்தான்.

அதற்கு எவ்வளவு நேரம்? சராசரியாக மூன்று நிமிஷம்கூடத் தேறவில்லை என்பதை யாரும் மறுக்கவில்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. மூன்று நிமிஷம்! ஒரு டீ ஆறுவதற்குள் ஒருவன் டாக்டரா இல்லையா என்று முடிவாகிவிட்டது.

நீதிமன்றம் என்ன சொன்னது? 75 மார்க் அதிகம்தான், அரசு மறுபடி யோசிக்கட்டும் என்றது. அதைவிட முக்கியமாக ஒன்றைப் பிடித்தது. கமிட்டிகள் மார்க்கை ஐந்து தலைப்பிலும் பிரித்துப் போடவில்லை. மொத்தமாக ஒரு நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அது செல்லாது என்றது. கணக்குப் பிள்ளை பாஷையில் சொன்னால், ‘இதர செலவுகள் 75 ரூபாய்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

பத்து வருஷம் கழித்து இதே கதை ஸ்ரீநகரில் நடந்தது. அங்கே ரீஜனல் இன்ஜினீயரிங் காலேஜ். எழுத்துத் தேர்வுக்கு 100, இண்டர்வியூவுக்கு 50. இரண்டு, மூன்று நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள்? அப்பா யார், வீடு எங்கே? 1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய ‘அஜய் ஹாசியா’ தீர்ப்பு, இண்டர்வியூவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமில்லை என்றது. இண்டர்வியூவை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தால் நல்லது என்றும் யோசனை சொன்னது. நீதிபதியும் வவுச்சர் கேட்டிருக்கிறார் பாருங்கள்!

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரசியம். 1920-களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள். பரீட்சையில் ஜெயித்து வந்தவர்கள். தலைவர் லோவெல்லுக்கு உறுத்தியது. அதற்குப் பிறகுதான் ‘குணநலன்’ என்ற தலைப்பு பெரிதானது. விண்ணப்பத்தில் போட்டோ வந்தது. இண்டர்வியூ வந்தது. யூத மாணவர் எண்ணிக்கை இறங்கியது. ஜெரோம் காராபெல் என்ற சமூகவியல் பேராசிரியர் 2005-ல் இதைத் தடிமனான புத்தகமாகவே எழுதிவிட்டார். விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது சும்மா ஒரு சடங்கு என்று நாம் நினைக்கிறோம். ஒரு காலத்தில் யாரை வெளியே நிறுத்துவது என்று பார்ப்பதற்கு அது உதவியிருக்கிறது.

‘சரி சார், மார்க் மட்டும் யோக்கியமா? அதைப் போடுவதும் மனுஷன்தானே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரியான அடி.

1973-ல் கிளிஃபோர்டு, வால்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு டீச்சர்களுக்கு ஒரே பிராக்ரஸ் ரிப்போர்ட்டை அனுப்பினார்கள். ஒட்டிய போட்டோவை மட்டும் மாற்றினார்கள். லட்சணமான பிள்ளைதான் புத்திசாலி, அதன் பெற்றோர்தான் படிப்பில் அக்கறை உள்ளவர்கள் என்று டீச்சர்கள் எழுதி அனுப்பினார்கள். 2022-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று, லுண்ட் பல்கலைக்கழக இன்ஜினீயரிங் மாணவர்களைப் பற்றியது. அங்கே கணக்கு, இயற்பியலில் அழகுக்கு ஒரு லாபமும் இல்லை. குழுவாகச் செய்கிற வேலை, பேச்சு என்று போகிற மற்ற பாடங்களில் லாபம் இருந்தது. கொரோனா வந்து வகுப்பு ஆன்லைனுக்குப் போனதும், பெண்களுக்குக் கிடைத்த கூடுதல் மார்க் காணாமல் போனது. ஆண்களுக்குப் போகவில்லை!

நம் ப்ளஸ் டூ விடைத்தாள் எந்தப் பிள்ளையுடையது என்று திருத்துபவருக்குத் தெரியாது. டம்மி நம்பர்தான் தெரியும். பிராக்டிகலுக்கும் இன்டர்னலுக்கும் உள்ள மார்க் மட்டும் முகம் தெரிந்து போடுவது. அதிலும் பெரும்பாலும் எல்லோருக்கும் வாரி வழங்கிவிடுகிறார்கள் என்பதால், அந்த ஓட்டையை நம் வாத்தியார்களின் தாராள குணமே அடைத்துவிடுகிறது. டியூஷனுக்குக் காசு உள்ளவன் அதிக மார்க் வாங்குகிறான் என்ற குறை உண்மை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததே அதனால்தான். மார்க்கில் உள்ள அநியாயம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால் சண்டை போட முடிகிறது, சட்டம் போட முடிகிறது. முகத்தில் உள்ள அநியாயத்தை யார் மேல் கேஸ் போட்டு நிரூபிப்பது?

எனவே, காலேஜ் வாசலில் நாம் ஜெயித்துவிட்டோம். தோற்பது அடுத்த வாசலில்.

அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு பஸ் பயணம் போதும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும். சுற்றிலும் இன்ஜினீயரிங் காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஒரு பக்கம் முகம் பார்க்காமல் சீட்டு கொடுக்கிற காலேஜ். ரோட்டைத் தாண்டினால், முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிற கம்பெனி.

கேம்பஸ் இண்டர்வியூவுக்கு ஒரு மாதம் முன்பே காலேஜ்களில் ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ வகுப்பு தொடங்கிவிடும். ஷூ பாலிஷ், ஷேவிங், டக்-இன், புன்னகை. தப்பில்லை. ஆனால், இந்த வகுப்பே ஒரு வாக்குமூலம். ‘நாலு வருஷம் நாங்கள் சொல்லிக் கொடுத்ததற்கு எத்தனை மார்க்கோ, இதற்கும் அத்தனை மார்க் தம்பி’ என்று காலேஜே ஒப்புக்கொள்கிறது.

தொழிலாளி வேலைக்கு இன்னும் மோசம். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வு வெளியிட்டது. ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்றது. வேலை கேட்டு வந்த பெண்களிடம் கேட்டில் நின்ற செக்யூரிட்டியே ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாக எழுதியது. நிறுவனம், அப்படிப் பாகுபாடு காட்டுவதில்லை என்று மறுத்தது. அதே வருஷம் நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், கல்யாண விவரங்களை நீக்கச் சொல்லி ஏஜென்ட்டுகளுக்கு ஃபாக்ஸ்கான் சொல்லிவிட்டது என்றும் ராய்ட்டர்ஸே எழுதியது.

இது அழகு சம்பந்தப்பட்டதில்லையே என்பீர்கள். வியாதி ஒன்றுதான். தாலி, மெட்டி, நிறம், உயரம், பல்வரிசை எல்லாமே கேட்டில் நிற்பவர் ஒரே பார்வையில் படித்துவிடுகிற அடையாளங்கள். அந்தப் பெண் சர்க்யூட் போர்டை எவ்வளவு நுணுக்கமாகப் பூட்டுவாள் என்பது மட்டும் அந்தப் பார்வையில் தெரியாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் ‘அழகு’ என்று சொல்கிறோமே, அது பாதிதான் ஆண்டவன் கொடுத்தது. மீதிப் பாதி அப்பா கொடுத்தது.

பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் உருவாகிற வயசில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளையின் பல்லில் மஞ்சளும் காவியுமாகக் கறை படியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற வார்த்தையும் இருக்கிறது. திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது 2013-ல். அதற்கு முன்பு பால்பல் விழுந்து முளைத்த ஒரு பையன் இன்று டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு ஒரகடத்தில் வேலை தேடுகிற வயசில் இருப்பான்.

அவனை இண்டர்வியூ நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். சிரிக்க மாட்டான். வாயைத் திறந்து பேச மாட்டான். உதட்டை மூடி மூடிப் பதில் சொல்வான். எதிரே இருப்பவர் தாளில் என்ன எழுதுவார்? ‘தன்னம்பிக்கை குறைவு. கம்யூனிகேஷன் போதாது.’ அவர் கெட்டவரில்லை. பல்லைப் பார்த்து மார்க் குறைத்தோம் என்று அவருக்கே தெரியாது. ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பையன் மார்க் இழந்துவிட்டான் என்பதும் தெரியாது. பல்லுக்குக் கிளிப் போட முடிந்த வீட்டுப் பையன் அதே நாற்காலியில் பளிச்சென்று சிரிப்பான். ‘நல்ல பர்சனாலிட்டி.’

நிறம், பரு, உயரம், சட்டையின் இஸ்திரி என்று வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பில் இருக்கிறது. சத்தான சாப்பாட்டு பில், தோல் டாக்டர் பில், துணிக்கடை பில். நிறத்துக்குப் பின்னால் ஜாதியையும் ஊகிக்கிற மோசமான பழக்கம் நம் ஊரில் வேறு. முகத்துக்கு மார்க் போடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ அப்பாவின் பாஸ்புக்குக்கு மார்க் போடுகிறார்.

இதை முதலில் கண்டுபிடித்துக் காசாக்கியது சிவப்பழகு க்ரீம் கம்பெனி. ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரத்தில் கறுப்பாயிருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது. க்ரீம் பூசிய பிறகு கிடைக்கும். ஜனநாயக மாதர் சங்கம் சண்டை போட்டு, 2003-ல் சில விளம்பரங்கள் வாபஸானது. அதே வருஷம் அதே பெயரில் அறக்கட்டளை தொடங்கி, பெண்கள் படிக்க ஸ்காலர்ஷிப்பும் கொடுத்தார்கள். ஒரு கையால் ‘உன் நிறம் போதாது’, மறு கையால் ‘போய்ப் படி’. 2020-ல் க்ரீமின் பெயரிலிருந்து ஃபேர் போய் க்ளோ வந்தது. டப்பாவில் பெயரை மாற்றிவிடலாம், இண்டர்வியூ எடுப்பவரின் கண்ணை எப்படி மாற்றுவது?

கண்ணை மாற்ற முடியாது. அதன் வேலையைக் குறைக்கலாம். 1970-ல் நீதிமன்றம் சொன்ன வழியே போதும். முதலில் எழுத்துத் தேர்வோ கைவேலைத் தேர்வோ வையுங்கள். வெல்டிங்குக்கு ஆள் எடுத்தால் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். கம்பிகள் ஒட்டிய அழகைப் பாருங்கள், ஒட்டியவனின் அழகைப் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு இண்டர்வியூ வைத்தால், எல்லோரிடமும் ஒரே கேள்வி. எதற்கு எத்தனை மார்க் என்று தலைப்பு தலைப்பாகத் தாளில் இருக்கட்டும். ‘ஓவரால் இம்ப்ரெஷன்’ என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். அதுதான் அந்தப் பழைய ‘இதர செலவுகள்’.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘வெறும் மார்க் பார்த்து சீட்டு கொடுப்பதெல்லாம் பழைய பாணி. வெளிநாட்டில் மாதிரி முழு ஆளுமையையும் பார்க்க வேண்டும்’ என்று டி.வி. விவாதத்தில் கோட் போட்ட ஒருவர் அடிக்கடி சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். அவர் பிள்ளைக்கு அது லாபமாகவும் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு இருக்குமா என்று யோசித்துவிட்டுத் தலையாட்டுங்கள். முகம் பார்க்காத கட்-ஆஃப் என்ற அந்தப் பழைய பாணிதான் காவிப் பல்லோடும் கறுத்த முகத்தோடும் வருகிற பிள்ளையையும் தடுக்காமல் உள்ளே விடுகிற ஒரே வாசல். அதில் ஓர் இண்டர்வியூ நாற்காலியைப் போட யார் வந்தாலும், அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்.